எச்.ஐ.வி. மாத்திரையைக் குறைத்தால் ஏறிய எடை இறங்குமா?

கேள்வி கேட்டிருப்பவர் 38 வயதுப் பெண். 2018-இல் அரசின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சிகிச்சை) மையத்தில் பதிவு செய்து, டெனோஃபோவிர், லாமிவுடின், எஃபாவிரென்ஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரையில் சிகிச்சையைத் தொடங்கியிருக்கிறார். 2021-இல் எஃபாவிரென்ஸுக்குப் பதிலாக டோலுடெகிராவிர் உள்ள மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றியபோது 54 கிலோ. இப்போது 66 கிலோ. உயரம் 155 செ.மீ. "இது மாத்திரையால் வந்த உடம்புதானா, பழைய மாத்திரையையே கேட்டு வாங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில், போகிற போக்கில், மூன்று வாரமாக ஒருநாள் விட்டு ஒருநாள்தான் மாத்திரை போடுவதாகவும், தெரிந்த கடைக்காரர் ஒருவர் உடம்பு இளைக்க ஒரு பொடி தருவதாகச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறார். மேலே கேட்டது எடையைப் பற்றி என்றாலும், உண்மையில் அவர் கேட்பது கடைசி வரியில் இருக்கிறது: நான் செய்துகொண்டிருப்பது சரிதானா?

ஆகவே அதற்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சரியில்லை. இன்றிலிருந்தே மாத்திரையை நாள்தோறும் ஒரே நேரத்தில் போடத் தொடங்குங்கள். விட்டுப்போன நாள்களுக்கு ஈடுகட்டுவதாக நினைத்து இரண்டிரண்டாக விழுங்க வேண்டாம். அடுத்த முறை மருந்து வாங்கப் போகும் தேதிக்குக் காத்திராமல் இந்த வாரமே மையத்துக்குப் போய், கவுன்சிலரிடமோ மருத்துவரிடமோ நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வைரல் லோடு (இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) பரிசோதனையை எப்போது எடுப்பது என்று அவர்கள் முடிவு செய்வார்கள். டோலுடெகிராவிர் அவ்வளவு எளிதில் வைரஸுக்கு வளைந்துகொடுக்கும் மருந்தல்ல. மூன்று வாரத்தில் எல்லாம் கைமீறிப் போய்விட்டது என்று பயமுறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் கூட்டு மருந்து சிகிச்சை என்பது மூன்று மருந்துகளும் இரத்தத்தில் இடைவிடாமல் இருப்பதை நம்பி நடப்பது. பாதி நாள் மருந்து இருந்து பாதி நாள் இல்லாவிட்டால், வைரஸ் பெருகவும் மருந்தைப் பழகிக்கொள்ளவும் நாமே வாசல் திறந்துவிட்டதாகும். பிரான்சில் வாரத்துக்கு நான்கு நாள் மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றை இணையத்தில் படித்துவிட்டு வந்து என்னிடம் வாதாடியவர்களும் உண்டு. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் நீண்ட நாள் வைரஸ் அடங்கியிருந்தவர்கள். அவர்களைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். எடையைக் குறைப்பது அதன் நோக்கமும் அல்ல. வீட்டில் தனியாக எடுத்த முடிவுக்கு அதைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

இனி எடைக்கு வருகிறேன். நான் பொது மருத்துவம் படித்துவிட்டு, பல ஆண்டுகளாக ஏ.ஆர்.டி. சிகிச்சையில் இருப்பவன். 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்தியாவில் அரசு இலவசமாக இந்த மருந்தைக் கொடுக்கத் தொடங்கியது; முதலில் தொடங்கிய எட்டு இடங்களில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. அந்தக் காலத்தில் எடைபார்க்கும் கருவி என்றால் எங்கள் நோயாளிகளுக்கு ஒரே ஒரு பயம்தான், எடை குறைந்திருக்குமோ என்பது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏறி நிற்பார்கள். அரைக் கிலோ கூடியிருந்தால் முகம் மலர்ந்துவிடும். அன்று கொடுத்த ஸ்டாவுடின் என்ற மருந்து, உயிரைக் காத்தாலும், கன்னத்திலும் கை கால்களிலும் இருந்த கொழுப்பைக் கரைத்து, கன்னம் ஒட்டி நரம்பு புடைத்த ஒரு முகத்தைக் கொடுத்தது. ஊரில் நாலு பேர் பார்த்தவுடன் சந்தேகப்படுகிற முகம் அது. இன்று அதே கருவியின் முன்னால் செருப்பைக் கழற்றி, கைப்பையைச் செவிலியரிடம் கொடுத்து, சில பேர் வளையலையும் கழற்றி வைத்துவிட்டு ஏறுகிறார்கள். இந்த இருபது ஆண்டுகளில் சிகிச்சை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் காட்சியை நான் பார்க்கவில்லை. அதற்காக உங்கள் கவலை வீண் என்று சொல்லவில்லை. உங்கள் கவலை மருத்துவக் காரணம் உள்ள கவலை.

ஏ.ஆர்.டி. எடுப்பவருக்கு எடை கூடுவதில் முதல் பங்கு, நோய் பறித்துக்கொண்டதைத் திரும்பப் பெறுவது. அடங்காத வைரஸ் உடலின் சக்தியை நாள் முழுவதும் செலவழிக்கிறது, பசியைக் கெடுக்கிறது, குடலைப் புண்படுத்துகிறது, காசநோய் போன்றவற்றை உள்ளே அழைத்துவருகிறது. மருந்து தொடங்கி வைரஸ் அடங்கியதும் உடம்பு தேறுகிறது. தொடங்கும்போது சிடி4 என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை எவ்வளவு தாழ்ந்திருந்ததோ, வைரல் லோடு எவ்வளவு உயர்ந்திருந்ததோ, அவ்வளவுக்கு இந்த ஏற்றமும் அதிகமாக இருக்கும் என்பது எந்த மருந்தை எடுத்துப் பார்த்தாலும் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை. இந்த ஏற்றத்தில் பெரும்பகுதி முதல் ஓராண்டில் நடந்துவிடும். நீங்கள் 2018-இல் தொடங்கியவர். மருந்து மாறியபோது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே உங்களுடைய 12 கிலோவில் இந்தப் பங்கு இருந்தாலும் சிறியதாகவே இருக்கும். உங்களைப் பொறுத்தவரை "நோய் குணமானதால் வந்த உடம்பு" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவது நேர்மையாகாது.

இரண்டாவது பங்கு மருந்தினுடையது. இதைப் பற்றி நமக்குக் கிடைத்த மிக நல்ல சான்று தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த அட்வான்ஸ் என்ற ஆய்விலிருந்து வருகிறது. அதுவரை மருந்தே எடுக்காத 1,053 பேரை மூன்று சம பிரிவாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு டோலுடெகிராவிருடன் டெனோஃபோவிரின் புதிய வடிவம். இன்னொன்றுக்கு டோலுடெகிராவிருடன் டெனோஃபோவிரின் பழைய வடிவம். மூன்றாவதற்கு அதே பழைய வடிவத்துடன் எஃபாவிரென்ஸ். 96 வாரங்களுக்குப் பிறகு சராசரி எடை ஏற்றம் முறையே 7.1, 4.3, 2.3 கிலோ. மூன்று பிரிவிலும் பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். கூடிய எடையில் பெரும்பகுதி தசையல்ல, கொழுப்பு. கேமரூன் நாட்டில் இதே காலத்தில் நடந்த நம்சல் ஆய்விலும் 48 வாரத்தில் டோலுடெகிராவிர் எடுத்தவர்களுக்கு 5 கிலோவும், குறைந்த அளவு எஃபாவிரென்ஸ் எடுத்தவர்களுக்கு 3 கிலோவும் கூடின. இரண்டு ஆய்வும் குலுக்கல் முறையில் நடந்தவை என்பதால், டோலுடெகிராவிர் எடுப்பவர்கள் எஃபாவிரென்ஸ் எடுப்பவர்களைவிட அதிகம் எடை போடுகிறார்கள் என்பதை உறுதியான செய்தியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாகப் படிக்க முடியும். பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடுவது இரண்டாவது விதத்தை. டோலுடெகிராவிர் எடையை ஏற்றுகிறது என்பது ஒரு வாசிப்பு. எஃபாவிரென்ஸ் எடையை ஏறவிடாமல் அழுத்திப் பிடித்திருந்தது என்பது மற்றொரு வாசிப்பு. இதைப் பிரித்தறிய அட்வான்ஸ் ஆய்வில் சேர்ந்தவர்களின் மரபணுவையே ஆராய்ந்து பார்த்தார்கள். எஃபாவிரென்ஸைச் சிதைத்து வெளியேற்றும் வேலையைக் கல்லீரலில் சிஒய்பி2பி6 என்ற நொதி செய்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி மந்தமாக வேலை செய்யும். அவர்கள் இரத்தத்தில் எஃபாவிரென்ஸ் அளவுக்கு மேல் தேங்கி நிற்கும். அப்படித் தேங்கியவர்கள்தான் எஃபாவிரென்ஸ் பிரிவில் எடை போடாதவர்கள். நொதி நன்றாக வேலை செய்து மருந்து சரியாக வெளியேறியவர்களோ, பழைய டெனோஃபோவிருடன் டோலுடெகிராவிர் எடுத்தவர்களைப் போலவே எடை போட்டிருந்தார்கள். அதாவது வித்தியாசத்தின் ஒரு பெரும் பகுதி, எஃபாவிரென்ஸ் சிலருடைய உடம்பில் மெல்ல விஷம்போல் இருந்து, பசியையும் எடையையும் அடக்கியதால் வந்தது. இது தொலைதூர நாட்டுச் செய்தியும் அல்ல. இந்த மந்த வகை மரபணுவும் அதனால் மருந்தின் அளவு உயர்வதும் தென்னிந்திய நோயாளிகளிடமும் உண்டு என்பதைச் சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையம் 2009-லேயே வெளியிட்டிருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். விடையை நீங்களே யோசித்துப் பாருங்கள். 2018 முதல் 2021 வரை இரவில் மாத்திரை போட்டபின் தலைசுற்றல், நிஜம் போன்ற கனவுகள், காலையில் போதை தெளியாதது போன்ற மந்தம் இவை உங்களுக்கு அதிகமாக இருந்தனவா? "டாக்டர், ராத்திரி பூரா படம் ஓடுது" என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். அப்படி இருந்திருந்தால், அந்த மருந்து உங்கள் உடம்பில் தேங்கியிருக்க வாய்ப்பு அதிகம். மாத்திரை மாறியபின் பசி திறந்ததும் எடை ஏறியதும் அந்தப் பாரம் இறங்கியதன் மறுபக்கமாக இருக்கலாம். "இருக்கலாம்" என்றுதான் சொல்கிறேன். உங்கள் மரபணுவைப் பார்க்காமல் இதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. இதற்காகப் பணம் செலவழித்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டிய தேவையும் இப்போது இல்லை.

வைரஸ் அடங்கிய நிலையில் எஃபாவிரென்ஸிலிருந்து மாறியவர்களுக்கு, அதாவது உங்களைப் போன்றவர்களுக்கு, எவ்வளவு கூடும் என்பதற்கும் ஓரளவு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலிருந்து 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றில், டோலுடெகிராவிர் சேர்ந்த மருந்துக் குடும்பத்துக்கு மாறியவர்களுக்கு 18 மாதத்தில் சராசரியாக 2.9 கிலோ கூடியது. எஃபாவிரென்ஸிலேயே தொடர்ந்தவர்களுக்கு 0.9 கிலோ. இது குலுக்கல் முறையில் நடந்ததல்ல, பதிவேடுகளைப் புரட்டி எடுத்தது. ஆகவே சான்றாக இதன் வலு சற்றுக் குறைவுதான். இருந்தாலும் மற்ற பதிவேடுகளும் ஏறத்தாழ இதே திசையைத்தான் காட்டுகின்றன.

இன்னொரு செய்தி டெனோஃபோவிரைப் பற்றியது. உங்கள் மாத்திரை டப்பாவை எடுத்து லேபிளைப் படியுங்கள். "டெனோஃபோவிர் டிசோப்ராக்சில் ஃபியூமரேட் 300 மி.கி." என்று இருந்தால் அது பழைய வடிவம், அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் பெரியவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பது இதுதான். "டெனோஃபோவிர் அலாஃபினமைடு 25 மி.கி." என்று இருந்தால் அது புதிய வடிவம், தனியார் மருத்துவரிடம் பார்ப்பவர்களுக்கும், சிறுநீரகத்தையோ எலும்பையோ முன்னிட்டு மாற்றப்பட்டவர்களுக்கும் இது வரும். பழைய வடிவத்துக்கு எடையை லேசாக அடக்கும் குணம் இருக்கிறது. எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்குத் தொற்று வராமல் தடுக்க இந்த இரண்டு வடிவங்களையும் ஒப்பிட்டுக் கொடுத்த டிஸ்கவர் ஆய்வில், 48 வாரத்தில் புதிய வடிவம் எடுத்தவர்களுக்கு 1.1 கிலோ கூடியது. பழைய வடிவம் எடுத்தவர்களுக்கு 0.1 கிலோ குறைந்தது. வைரஸே இல்லாத உடம்பில் தெரிந்த வித்தியாசம் என்பதால் இதில் "நோய் குணமானது" என்ற குழப்பத்துக்கு இடமில்லை. நீங்கள் அரசு மையத்தில் வாங்குவதாக எழுதியிருப்பதால், எடையைப் பொறுத்தவரை டெனோஃபோவிரில் நல்ல வடிவம்தான் உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். லேபிள் அதைச் சொல்லிவிடும்.

டோலுடெகிராவிர் தானாகவும் கொழுப்பைச் சேர்க்கிறதா, சேர்த்தால் எந்த வழியில் என்பதில் இன்னும் தெளிவில்லை. மூளையில் பசியடக்கும் சமிக்ஞையைப் பெறும் ஓர் ஏற்பியை அது மறிக்கிறது என்று முதலில் பேசினார்கள். உடலில் மருந்து இருக்கும் அளவில் அந்த மறிப்பு பொருட்படுத்தத்தக்கதல்ல என்று பிறகு ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. கொழுப்புச் செல்களையே நேரடியாகப் பாதிக்கிறது என்ற கருத்துக்குக் குரங்குகளிலிருந்தும் மனிதக் கொழுப்புத் திசுவிலிருந்தும் சில ஆதாரங்கள் உண்டு. நான் இதை முடிந்த வழக்காக யாரிடமும் சொல்வதில்லை.

இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். பழைய டெனோஃபோவிருடன் டோலுடெகிராவிர் எடுத்தவர்களிடமும், உங்களைப் போல் மாறியவர்களிடமும் ஆய்வுகள் காட்டும் சராசரிகள் மூன்று, நான்கு, ஐந்து கிலோ. உங்களுக்குக் கூடியது 12. சராசரியைச் சுற்றி மேலும் கீழும் பலர் இருப்பார்கள் என்பது உண்மைதான். ஆய்வுகளிலேயே பத்துக் கிலோவுக்கு மேல் போட்டவர்களும் இருந்தார்கள். ஆனாலும் 12 கிலோவையும் ஒரே மாத்திரையின் தலையில் கட்டிவிட்டு மற்றதைத் தேடாமல் விட்டால், கண்டுபிடித்திருக்க வேண்டிய ஒன்றைத் தவறவிடுவோம். முதலில் இது கொழுப்புதானா, நீரா என்று பாருங்கள்: மாலையில் கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது பெருவிரலால் அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா? நின்றால் அது சிறுநீரகம், இதயம், கல்லீரல் சம்பந்தப்பட்ட வேறு கதை; உடனே காட்ட வேண்டும். தைராய்டு பரிசோதனை செய்திருக்கிறார்களா? கருத்தடைக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தரா ஊசி போட்டுக்கொள்கிறீர்களா? அது சிலருக்கு நன்றாகவே எடை கூட்டும். மனச்சோர்வுக்கோ தூக்கத்துக்கோ நரம்பு எரிச்சலுக்கோ மாத்திரை எடுக்கிறீர்களா? ஓலான்சபின், மிர்டாசபின், அமிட்ரிப்டிலின், பிரிகபாலின் இவை எல்லாம் எடையை ஏற்றும் பேர்வழிகள்.

இதோடு இரண்டாம் நிலை மருந்தில் (முதல் கூட்டு மருந்து பலிக்காதபோது கொடுப்பது) இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒன்று: உங்கள் மருந்தில் ரிட்டோனாவிர் இருந்தால், மூட்டில் போடும் ட்ரையாம்சினலோன் ஊசியும், ஆஸ்துமாவுக்கோ மூக்கடைப்புக்கோ இழுக்கும் ஃப்ளூட்டிகாசோனும்கூட உடம்பில் பல மடங்கு தேங்கி, முகம் வட்டமாகி, வயிறு தள்ளி, தொடையும் கையும் மெலிந்துபோகும். அதை "ஏ.ஆர்.டி. கொழுப்பு" என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிட்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், மூக்கில் அடிக்கும் மருந்தை மருந்து என்று கணக்கில் சேர்க்காததால் அவர் சொல்லவே இல்லை, நானும் முதல் இரண்டு முறை கேட்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். குற்றம் சாட்டுவதற்காக அல்ல. சிகிச்சை தொடங்கிய நாளில் நாங்களேதான் "நல்லா சாப்பிடணும்மா, முட்டை, பால், சத்துமாவுக் கஞ்சி எதையும் விடாதீங்க" என்று சொல்லி அனுப்புகிறோம். 2018-இல் அது சரியான அறிவுரை. அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் நினைவு வருவதில்லை. ஐந்து ஆண்டு கழித்தும் காலையில் இட்லிக்கு முன்னால் ஒரு டம்ளர் சத்துமாவுக் கஞ்சி சர்க்கரை போட்டுக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை வெறும் வயிற்றில் சேராது என்று இரவில் இரண்டாவது முறை சோறு சாப்பிடுபவர்களும் இருக்கிறார்கள். டோலுடெகிராவிரைச் சாப்பாட்டோடும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். இளைத்தால் ஊர் பேசும் என்ற பயமும் இந்தச் சாப்பாட்டில் கலந்திருக்கிறது. அதை நான் அறிவேன்.

பழைய மாத்திரைக்குத் திரும்பலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் டோலுடெகிராவிரை எல்லோருக்கும் முதல் தேர்வாக அறிவித்தது சும்மா அல்ல: வைரஸை விரைவாக அடக்குகிறது, எதிர்ப்புத்தன்மை எளிதில் உருவாவதில்லை, தலைசுற்றலும் கெட்ட கனவும் மனச்சோர்வும் எஃபாவிரென்ஸைவிடக் குறைவு. தவிர, மருந்தை மாற்றினால் ஏறிய எடை இறங்கிவிடும் என்ற நம்பிக்கையை இதுவரை வந்த ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. இந்த வகை மருந்திலிருந்து டாருனாவிர் என்ற வேறு வகை எச்.ஐ.வி. மருந்துக்கு மாற்றிப் பார்த்த டிஃபைன் என்ற சிறிய ஆய்வில் எடையில் சொல்லத்தக்க மாற்றமில்லை. அட்வான்ஸ் ஆய்வு முடிந்தபின் புதிய டெனோஃபோவிரிலிருந்து பழைய டெனோஃபோவிருக்கு மாறிய பெண்களுக்கு ஓராண்டில் ஒன்றரைக் கிலோ போல் இறங்கியது, அவ்வளவுதான். உங்களிடம் ஏற்கெனவே பழைய டெனோஃபோவிர் இருந்தால் அந்த ஒன்றரைக் கிலோவுக்கும் வழியில்லை. எஃபாவிரென்ஸுக்கே திரும்பினால் சிலருக்கு எடை இறங்கக்கூடும். அப்படி இறங்கினாலும் அது மருந்தின் நச்சுத்தன்மையால் இறங்குவதாக இருக்கும் என்பதால் நான் அதைச் சிகிச்சை என்று அழைக்கமாட்டேன்.

எத்தனை கிலோ என்பதைவிட எனக்கு முக்கியமானது அந்தக் கிலோ எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பது. உங்கள் உயரத்துக்கு 54 கிலோ என்றால் உடல் நிறை குறியீடு 22.5, 66 கிலோ என்றால் 27.5. நம்மவர்களுக்கு 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25-க்கு மேல் உடற்பருமன் என்று கணக்கிடுகிறோம். ஏனென்றால் தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருகிறது. ஆகவே இது அழகைப் பற்றிய கவலை மட்டுமல்ல. ஒரு தையல் டேப்பை எடுத்து, புடவைக் கொசுவத்தின் மேலோ பாவாடை நாடாவின் மேலோ அளக்காமல், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. அந்த எண்ணையும், வெறும் வயிற்றுச் சர்க்கரை, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்த பிறகுதான் உங்கள் எடையைப் பற்றி அர்த்தமாகப் பேச முடியும். டோலுடெகிராவிர் தொடங்கிச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சர்க்கரை திடீரென்று மிக உயர்ந்தவர்களைப் பற்றி உகாண்டாவிலிருந்து செய்திகள் வந்திருக்கின்றன. அது அரிது, காரணமும் தெளிவில்லை, ஆனால் அதிக தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்து, ஏறிய எடை முயற்சியில்லாமல் தானே இறங்கத் தொடங்கினால் மகிழ்ச்சியடையாமல் உடனே சர்க்கரை பாருங்கள். சர்க்கரை இருந்து மெட்ஃபார்மின் கொடுத்தால், நீங்கள் டோலுடெகிராவிர் எடுப்பதை அந்த மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். டோலுடெகிராவிர் மெட்ஃபார்மினை இரத்தத்தில் உயர்த்துவதால் அதன் அளவு நாளுக்கு 1,000 மி.கி.-ஐத் தாண்டக்கூடாது. வேறு மருத்துவமனையில் நோயை மறைத்துச் சர்க்கரைக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பவர்கள் நிறைய. ஆபத்து அங்கேதான் நுழைகிறது. நாற்பது வயதைத் தாண்டிய எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு, கொலஸ்ட்ரால் பெரிதாக உயராவிட்டாலும், பிடாவாஸ்டாடின் மாத்திரை மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று இந்தியா உட்படப் பல நாடுகளில் 7,769 பேரிடம் நடந்த ரிப்ரீவ் ஆய்வு 2023-இல் காட்டியது. இரண்டு ஆண்டு கழித்து நீங்களும் உங்கள் மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேட்கலாம்.

எடையைக் குறைக்க எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கென்று தனி வழி எதுவும் இல்லை. மற்றவர்களுக்கு வேலை செய்வது உங்களுக்கும் வேலை செய்யும், மற்றவர்களுக்கு இருக்கும் அதே சிரமத்தோடு. சத்துமாவுக் கஞ்சியையும் டீயில் போடும் சர்க்கரையையும் விட்டு, சோற்றின் அளவைப் பாதியாக்கி அந்த இடத்தில் காயும் பருப்பும் முட்டையும் வைத்து, நடையோடு வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் சேர்த்தால், ஆறு மாதத்தில் மூன்று, நான்கு கிலோ இறங்குவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டும் இறங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூன்று கிலோ இறங்கினாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அதற்கு மதிப்புக் கொடுக்கும். இப்போது எல்லோரும் பேசும் செமாக்ளூட்டைட் ஊசி எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் எடையையும் கல்லீரல் கொழுப்பையும் குறைக்கிறது; 24 வாரம் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வு ஒன்றில் கல்லீரல் கொழுப்பு மூன்றில் ஒரு பங்கு போல் குறைந்தது, கூடவே தசையும் கொஞ்சம் கரைந்தது. அதன் செலவையும், நிறுத்தினால் எடை திரும்புவதையும் யோசித்து, சர்க்கரை நோயும் சேர்ந்திருப்பவர்களுக்கு மட்டுமே நான் இப்போதைக்கு அதைப் பற்றிப் பேசுகிறேன்.

கடைசியாக அந்தப் பொடி. அதில் என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது; அதுவே வாங்கக்கூடாது என்பதற்குப் போதுமான காரணம். அதில் கால்சியமோ இரும்போ மெக்னீசியமோ இருந்தால், டோலுடெகிராவிர் குடலிலேயே அவற்றோடு ஒட்டிக்கொண்டு இரத்தத்தில் சேராமல் போகும். அதனால்தான் வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல்லைக்கூட மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்தோ, ஜெல் குடித்தால் ஆறு மணி நேரம் கழித்து மாத்திரையையோ எடுக்கச் சொல்கிறோம். கொழுப்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும் ஆர்லிஸ்டாட் மாத்திரையால் எச்.ஐ.வி. மருந்தும் சேராமல் போய், அடங்கியிருந்த வைரஸ் மறுபடி எழுந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. உங்களுக்கோ மூன்று வாரமாக மருந்து ஏற்கெனவே பாதிதான் உள்ளே போயிருக்கிறது. ஆகவே இந்த வாரம் மையத்துக்குப் போகும்போது உங்கள் சிகிச்சைப் புத்தகத்தையும், இடுப்பு அளவை எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தையும், வீட்டில் நீங்கள் எடுக்கும் மற்ற எல்லா மருந்துகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வைரல் லோடு முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள். சர்க்கரை எண்ணும் இடுப்பளவும் கூடவே இருந்தால், எடையைப் பற்றிய மீதிப் பேச்சை அங்கிருந்து தொடரலாம்.